ஃபைட்டர் ஜெட்டைத் தள்ள எத்தனை பேர் வேணும்?

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்துல அந்த நாட்டு விமானப்படை அகாடமி இருக்கு. அதோட பெரிய முற்றத்துக்கு டெராசோன்னு பேரு. அங்கே எஃப்-4, எஃப்-15, எஃப்-16, எஃப்-105ன்னு நாலு போர் விமானங்கள் காட்சிக்கு நிக்குது. கேடட்கள் ராத்திரியில பண்ற சேட்டைக்கு அங்கே 'ஸ்பிரிட் மிஷன்'னு கௌரவமான பேரு வேற! காட்சி விமானத்தை இடம் மாத்தி வைக்கிற கதையும் அந்த வகைதான்.

கேட்டதும் உங்களுக்குத் தோணும்: கையால தள்ள முடியுமா? முடியும். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. எஃப்-16 காலி எடை சுமார் 8,500 கிலோ. காத்து சரியா இருக்கிற டயர் காங்கிரீட்ல உருளும்போது வர்ற தடை, எடையில 2 சதவீதம்னு வெச்சுக்குவோம். 8,500 × 9.8 × 0.02, அதாவது சுமார் 1,670 நியூட்டன். ஒரு ஆள் 250 நியூட்டன் தள்ளினா ஏழு பேர் போதும். நிக்கிற வண்டியை முதல்ல அசைக்க இன்னும் சில பேர். ஹாஸ்டல்ல ஒரு ஃப்ளோர் பசங்க தாராளம்.

சிக்கல் தள்ளுறதுல இல்ல, நிறுத்துறதுல.

தரை வெறும் 2 டிகிரி சரிவா இருக்குன்னு வைங்க. கண்ணுக்கே தெரியாது. ஆனா சரிவு இழுக்கிற விசை சுமார் 2,900 நியூட்டன். தடையைக் கழிச்சா மிச்சம் 1,240. இனி யாரும் தள்ளவே வேண்டாம், அதுவே போகும். பத்து செகண்ட்ல வேகம் 1.46 மீட்டர்/செகண்ட், நாம நடக்கிற வேகம்தான். அதை ஒரே மீட்டருக்குள்ள நிறுத்தணும்னா? இயக்க ஆற்றல் சுமார் 9,000 ஜூல். சரிவு விசையையும் சேர்த்தா 10,300 நியூட்டன் வேணும். நாப்பது பேர்! தள்ளினது ஏழு பேர். அந்த ஏழு பேர்ல ஒருத்தர் சக்கரத்துக்கு முன்னாடி நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பிரேக் போடலாமேன்னு கேப்பீங்க. பிரேக் ஹைட்ராலிக்ல வேலை செய்யுது. காட்சிக்கு வைக்கிற விமானத்துல பொதுவா அந்த ஆயிலை வடிச்சிடுவாங்க.

இன்னொண்ணு, வால். பின் சக்கரங்கள் எடை மையத்துக்குக் கொஞ்சம்தான் பின்னாடி இருக்கும். மூக்குல இருந்த ரேடாரைக் கழட்டியிருந்தா மையம் பின்னாடி நகர்ந்திருக்கும். அப்போ நாலு பேர் வால்ல ஏறி செல்ஃபி எடுத்தா மூக்கு மேல தூக்கிக்கலாம்.

நிஜ விமான தளத்துல இழுக்கும்போது டோ பார் மாட்டுவாங்க, காக்பிட்ல பிரேக்குக்குன்னு ஒருத்தர் உக்காருவார், இறக்கை நுனியைப் பார்த்துக்கிட்டே ஆளுங்க கூட நடப்பாங்க, சக்கரத்துக்குப் போடுற கட்டை கையிலேயே தயாரா இருக்கும்.