தராசு மேஜையில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளுக்கு நான் எழுதித் தருவது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. சிறு விவசாயி கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடையைப் பதிந்து, சீட்டு அச்சடித்து, மாதக் கடைசியில் கணக்கைக் கூட்டித் தருகிற டெஸ்க்டாப் நிரல். திரையில் முக்கியமாக மூன்றே பெட்டிகள்: அங்கத்தினர் எண், பெயர், எடை. பைத்தானும் க்யூடியும் தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் வரைந்துவிடலாம். ஆனால் அந்த மூன்று பெட்டிகளில் ஒருவர் எழுத்தை அடிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலில் என் நேரம் பெரும்பகுதி போயிருக்கிறது.

மொபைல் ஆப் போதாதா என்று கோயம்புத்தூர் நண்பர்கள் கேட்பார்கள். குந்தா பக்கம் மழைக்காலத்தில் முதலில் நெட்வொர்க் போகும், பின்னாலேயே கரண்ட் போகும். தராசு சீரியல் கேபிளில் வரும், பிரிண்டர் பழையது, மேஜையில் இருப்பவர் கீபோர்டில் பழகியவர். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரி வந்ததிலிருந்து, 1965-ல் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் அமைந்ததிலிருந்து, நீலகிரி மாவட்டத்தில் சிறு விவசாயியின் வரவுசெலவு இந்த எடை மேஜையை நம்பித்தான் ஓடுகிறது. தனியார் ஃபேக்டரியிலும் அதே மேஜைதான், அதே வரிசைதான். வெளியே ஜீப்பில் இலை சூடேறிக்கொண்டிருக்கும்போது கணக்கர் திரையைப் பார்த்து அடிக்கமாட்டார். தராசையும் ஆளையும் பார்த்துக்கொண்டுதான் அடிப்பார். ஆகவே பெட்டி சொதப்பினால் அவருக்கு உடனே தெரியாது. மாதக் கடைசியில்தான் தெரியும்.

ஒரு ஃபேக்டரியில் வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். "தம்பி, இங்கிலீஷ்ல அடிச்சா பேரு வருது. தமிழ்ல அடிச்சா பெட்டி அசையவே மாட்டேங்குது" என்றார் கணக்கர். நிரலைத் திறந்து பார்த்தேன். பெயர்ப் பெட்டியில் ஒவ்வொரு விசையும் அழுத்தப்படும்போது அதன் எண்ணைப் பார்த்து, 'எழுத்து விசையா' என்று சோதித்து, இல்லையென்றால் தள்ளிவிடும்படி எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு இது ஓடும். விண்டோஸில் தமிழ் தட்டச்சு மென்பொருள்கள் பல, எழுத்தை வெளியிலிருந்து நேரடியாகப் பெட்டிக்குள் செலுத்துகின்றன. அப்போது நிரலுக்கு வரும் விசை எண் 231. க அடித்தாலும் 231, ழ அடித்தாலும் 231. 'இங்கே ஒரு எழுத்துப் பொட்டலம் வருகிறது' என்பதைத் தவிர அந்த எண்ணில் வேறு தகவல் இல்லை. விசையைப் பார்த்து எழுத்தை ஊகிக்கிற நிரல் அங்கேயே படுத்துவிடும்.

ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களிடம் இன்னொரு வேடிக்கை. முதல் விசைக்குக் 'க்' வருகிறது. அடுத்து உயிரெழுத்துக்கான விசையை அழுத்தியதும் மென்பொருள் தானே ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்பிப் புள்ளியை அழித்துக் 'க' ஆக்குகிறது. கணக்கர் பேக்ஸ்பேஸைத் தொடவேயில்லை, நிரலுக்கு மட்டும் பேக்ஸ்பேஸ் வந்திருக்கிறது. 'பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய பெட்டிக்குத் தாவு' என்று யாராவது வசதி செய்து வைத்திருந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் கதை வேறு. ஐபஸ் என்ற இன்புட் மெத்தட் வழியாக அடிக்கும்போது எழுத்து முதலில் அடிக்கோட்டுடன் தற்காலிகமாக நிற்கும். பெட்டியின் உண்மையான உள்ளடக்கத்தில் அது இன்னும் சேரவில்லை. க்யூடியில் பெட்டியின் 'டெக்ஸ்ட்' என்ன என்று கேட்டால் அடிக்கோடிட்ட பகுதியை விட்டுவிட்டுத்தான் பதில் வரும். அது உறுதியான பிறகுதான் மாற்ற நிகழ்வு எழும். கடைசி எழுத்து இப்படி நின்றுகொண்டிருக்கும்போதே கணக்கர் குறுக்குவிசையில் 'சேமி' என்று அழுத்திவிட்டால் பெயர் வால் அறுந்து சேமிப்பாகும். சேமிப்பதற்கு முன்னால் இன்புட் மெத்தடைக் கூப்பிட்டு 'கமிட்' செய்யச் சொல்லும் ஒற்றை வரி க்யூடியில் உண்டு. என் எல்லா நிரல்களிலும் சேமி பட்டனின் முதல் வேலை அதுதான். பெட்டியை நீங்களே வரைந்து உருவாக்குவதாக இருந்தால் வேலை இன்னும் கூடும்: இன்புட் மெத்தடை ஏற்பேன் என்று அறிவிக்க வேண்டும், கர்சர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சரியான இடத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பாடு வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கிற பெட்டியை வைத்தே காரியத்தை முடியுங்கள்.

ஆக, விசை நிகழ்வை நான் குறுக்குவிசைகளுக்கும் அம்புக்குறிகளுக்கும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். எழுத்து என்றால் பெட்டியின் உள்ளடக்கம் மாறியதா என்று மட்டுமே கேட்பது. டிகிண்டரில் ஸ்டிரிங்வார் மீது ட்ரேஸ், ஜாவா ஸ்விங்கில் டாக்குமென்ட் லிசனர், க்யூடியில் டெக்ஸ்ட் சிக்னல்கள். விசையில் வந்தாலும், மவுஸால் ஒட்டினாலும், இழுத்துப் போட்டாலும் இவை தவறாமல் எழும்.

இதற்கு அடுத்த கண்ணி சரிபார்ப்பு. பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பைத்தானின் 'இஸ்ஆல்ஃபா'வை நம்புவார்கள். அதனிடம் 'மலர' தேறும், 'மலர்' தேறாது. யூனிகோடில் புள்ளியும் துணையெழுத்துகளும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. குன்னூரும் தேறாது, உதகையும் தேறாது. எழுத்து வகை, குறி வகை இரண்டையும் அனுமதித்து நாமே ஒரு சிறு செயல்பாடு எழுதிக்கொள்வதுதான் வழி. நீள வரம்பிலும் இதே கதைதான். கோத்தகிரி என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஒன்பது குறியீடு. யூடிஎஃப்-8-ல் சேமித்தால் 27 பைட். பெட்டிக்கு வரம்பு வைத்தால் அது ஒன்பதைத்தான் எண்ணும், ஐந்தை அல்ல. குன்னூர் என்பதற்கு எட்டு இடம் வேண்டும். ஏழில் வெட்டினால் புள்ளி போய் 'குன்னூர' என்று நிற்கும். பெயர்ப் பெட்டிக்கு நான் வரம்பு வைப்பதே இல்லை, சீட்டில் இடம் போதாவிட்டால் அச்சிடும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பெயரை வைத்துத் தேடும் பட்டியலில் சுவையான ஒரு சிக்கல் உண்டு. போஜன், ராமன், பெள்ளி என்று ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஆகவே ஊர்ப் பெயரோடு பட்டியல் விரிய வேண்டும். ஒலிபெயர்ப்பில் ராமன் என்று அடிக்கத் தொடங்கினால் பாதியில் 'ராம்' என்று நிற்கும். 'ராம்' என்று தொடங்குபவர் யாருமில்லை, பட்டியல் காலியாகிவிடும். அடுத்த விசையில் 'ராம' ஆனதும் பட்டியல் திரும்பி வரும். கண்ணை மூடிமூடித் திறப்பதுபோலத் திரை சிமிட்டும். தேடுவதற்கு முன் சொல்லின் கடைசிப் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டுத் தேடினால் இது நின்றுவிடுகிறது. தமிழ்99 பலகையில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே ம அடித்தால் ம-வே வரும். 1999-ல் அரசு தரப்படுத்திய அந்தப் பலகையைப் பழகிக்கொண்டவர்கள் வேகமாகவும் அடிக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் தரவுத்தளத்துக்கு ஓடாமல், கை நின்று கால் நொடி கழித்துத் தேடும்படி டைமர் வைப்பதைப் பற்றி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதை இங்கே விரிக்கவில்லை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகளும் உண்டு. 'கோ'வின் துணையெழுத்தை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம். எடிட்டிங் முடிந்ததும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்தினால் இவை ஒன்றாகிவிடும். ஆனால் 'ஸ்ரீ' அப்படி அடங்காது. ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ, ஶ-வில் தொடங்கும் ஸ்ரீ இரண்டும் திரையில் ஒரே வடிவம், ஒழுங்குபடுத்திய பிறகும் இரண்டாகவே நிற்கும். அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு உருவாகும், பணம் ஒன்றில் சேரும், ஆள் மற்றதைப் பார்த்துக்கொண்டு சண்டைக்கு வருவார்.

பழைய பட்டியலிலிருந்து ஒட்டுபவர்களையும் மறக்கக் கூடாது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்களை நகலெடுத்து ஒட்டினால் பெட்டியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்து விழும். பெயர்ப் பெட்டியில் திடீரென்று ஒரே மூச்சில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் வந்தால் 'இது பழைய எழுத்துருவா? மாற்றட்டுமா?' என்று கேட்கும்படி செய்திருக்கிறேன்.

எடைப் பெட்டிக்கு வருவோம். பணம் நிற்பது இங்கேதான். 12.5 என்று அடிப்பவர் நடுவில் '12.' என்ற நிலையைக் கடக்கிறார். அதை எண் அல்ல என்று தள்ளினால் புள்ளியையே அடிக்க முடியாது. முழுமையடையாத நிலையைப் பொறுத்துக்கொள்வதுதான் சரிபார்ப்பின் முதல் மரியாதை. க்யூடியின் டபுள் வேலிடேட்டர் அதைச் செய்கிறது, ஆனால் அதற்கும் இரண்டு குறும்புகள் உண்டு. அறிவியல் குறியீட்டை இயல்பாகவே ஏற்பதால் எண்ணுக்கு நடுவே ஆங்கில 'ஈ' எழுத்தை அனுமதிக்கும், சாதாரணக் குறியீடு என்று சொல்லி அடக்க வேண்டும். வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைப் பல நேரம் 'இன்னும் முடியவில்லை' என்று கருதி எண்டர் சிக்னலையே எழுப்பாது. "எண்டர் அடிச்சா நவுரவே மாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன். பெட்டியைச் சிவப்பாக்கி, ஏன் நகரவில்லை என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டுவது நம் பொறுப்பு. டிகிண்டரில் வேறு விதம்: சரிபார்க்கும் செயல்பாடு ஆம் இல்லை என்று பதில் தர மறந்தாலோ, உள்ளேயிருந்தே பெட்டியை மாற்ற முயன்றாலோ, சரிபார்ப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். அதன்பிறகு எதை அடித்தாலும் ஏற்கும்.

மழை நாளில் இலையின் ஈரத்துக்குக் கழிவு போடுவார்கள். எடை மாறினால் நிகர எடை மாற வேண்டும், நிகரத்தைத் திருத்தினால் கழிவு மாற வேண்டும். இரண்டையும் 'டெக்ஸ்ட்சேஞ்ட்' சிக்னலில் கட்டினால் ஒன்று மற்றதை எழுப்பி முடிவில்லாமல் சுற்றும், அல்லது தசம ரவுண்டிங்கில் எடை தானாக நகரும். நிரல் மாற்றியபோது எழாமல், மனிதர் மாற்றியபோது மட்டும் எழுவது 'டெக்ஸ்ட்எடிட்டட்'. கணக்கிடும் பெட்டிகளை எப்போதும் இதில்தான் கட்டுங்கள். ஸ்விங்கில் லிசனருக்குள்ளேயே ஆவணத்தை மாற்றப் போனால் பிழை எறியும், 'இன்வோக்லேட்டர்' போட்டுத் தள்ளிவைக்க வேண்டும்.

'எடிட்டிங்ஃபினிஷ்ட்' சிக்னலில் சேமிக்கவே கூடாது. எண்டர் அடித்தால் எழும், பெட்டியை விட்டு ஃபோகஸ் போனாலும் எழும். எண்டர் அடித்ததும் ஒரு செய்திப்பெட்டி திறந்தால், க்யூடியின் பழைய பதிப்புகளில் ஃபோகஸ் போய் அதே சிக்னல் இரண்டாம் முறை எழும். ஒரே மூட்டைக்கு இரண்டு வரவு. எண்ணை அழகுபடுத்த, யூனிகோடை ஒழுங்குபடுத்த மட்டும் அதை வைத்துக்கொண்டு, சேமிப்பை ஒரே ஒரு தெளிவான செயலில் விடுங்கள். கரண்ட் போகும் ஊருக்கு இன்னொன்று: ஒவ்வொரு மாற்றத்துக்கும் சற்றுப் பொறுத்து வரைவை எஸ்க்யூலைட்டில் எழுதிவைத்தால், விளக்கு திரும்பி வந்ததும் பாதி அடித்த சீட்டு அப்படியே இருக்கும்.

அங்கத்தினர்களுக்குப் பார்கோடு அட்டை வந்த பிறகு புதுச் சிக்கல் வந்தது. ஸ்கேனர் தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கிறது. ஃபோகஸ் எடைப் பெட்டியில் இருந்தால் அங்கத்தினர் எண் எடையாகிவிடும். ஸ்கேனரின் எழுத்துகள் மனிதக் கைக்குச் சாத்தியமில்லாத நெருக்கத்தில் வரும், கடைசியில் எண்டர் வரும். ஆப் முழுவதற்குமான ஈவென்ட் ஃபில்டரில் அந்த இடைவெளியை அளந்து எண் பெட்டிக்குத் திருப்பலாம். ஸ்கேனரிலேயே ஒரு முன்குறியை அமைத்துவிட்டால் இன்னும் உறுதி. அட்டையில் ஆங்கில எழுத்து இருந்து, அந்த நேரம் தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால், அட்டையின் 'கே' பெட்டியில் 'ம' என்று விழும். அட்டையில் எண்கள் மட்டுமே அச்சிடச் சொல்லுங்கள். தராசையும் கீபோர்டு வேடத்தில் இணைக்காதீர்கள். சீரியல் போர்ட்டைத் தனி த்ரெட்டில் படித்து, சிக்னல் மூலம் பெட்டிக்கு அனுப்புவதுதான் ஒழுங்கு.

நிரலை ஒப்படைக்கும் முன் விண்டோஸில் தமிழ்99, விண்டோஸில் ஒலிபெயர்ப்பு, லினக்ஸில் ஐபஸ், மவுஸால் ஒட்டுதல், ஸ்கேனர் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பெட்டியிலும் போட்டுப் பாருங்கள். அதுவும் உங்கள் மேஜையில் அல்ல, இலை இறங்கும் நேரத்தில் கணக்கரின் பக்கத்தில் நின்று, அவர் கையால் அடிக்க விட்டு.