மேட்டுக்குப் போகும் வழி

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பள்ளிக் கணினி அறையில் பினாங்குக் கடற்கரையின் வரைபடத்தைத் திறந்து வைத்து, சுனாமி வந்தால் எந்தத் தெரு வழியாக எங்கே ஓடுவது என்று கோடு போடச் சொன்னார்களாமே. "நம்ம கேமரன் மலையில கடல் எங்க தாத்தா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் கைப்பேசியை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியபோது நம் நேரம் காலை 8.58. பினாங்குக் கரையில் அலை ஏறியது பகல் ஒரு மணிக்கு மேல். நடுவில் நான்கு மணி நேரம் கிடந்தது. பத்து நிமிடம் உள்ளே நடந்திருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள். ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள்.

நான் அப்போது இங்கே பினாங்கில் புவியியல் ஆசிரியர். பூமித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே நுழைவதைக் கலர் சாக்கட்டியால் வருடாவருடம் வரைந்து காட்டியிருக்கிறேன். சுனாமி என்ற சொல்லுக்கு விளக்கமும் எழுதிப் போட்டிருக்கிறேன். பள்ளி வாசலில் நின்றால் வலப்பக்கம் திரும்புவதா இடப்பக்கமா, எந்த லோரோங் மேட்டுக்குப் போகிறது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. உன் ஆசிரியர் செய்வது நான் செய்யாமல் விட்ட வேலை. அதனால் அதைக் கவனமாகச் செய்.

அதே நாளில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்ததைக் கேள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மற்ற நாள்களில் கடலலையின் உயரத்தையும் காற்றையும் சொல்லும் அதே ஒலிபெருக்கி, அன்று கரையை விட்டு ஓடச் சொன்னது. ஊரே பிழைத்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் தோழிகள் சிலர் பெர்தாம் வேலியிலிருந்து பள்ளிக்கு வருகிறார்கள் அல்லவா? ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையை 1963-இல் கட்டினார்கள். மேலே காடு அழிந்த சரிவுகளிலிருந்து மழை அடித்து வரும் மண் அதன் நீர்த்தேக்கத்தில் படிந்து படிந்து, தண்ணீருக்கு இருந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். கனமழையில் நீர்மட்டம் ஏறவே அணையைத் திறந்தார்கள். கீழே பெர்தாம் ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தன. உயிர்களும் போயின.

கடலோரத்துக்கும் உங்கள் பள்ளத்தாக்குக்கும் உள்ள ஒற்றுமை இதுதான். தண்ணீர் எங்கேயோ புறப்பட்டு, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, நம்மிடம் வருகிறது. பினாங்கில் அது மணிக்கணக்கு. அணைக்குக் கீழே நிமிடக்கணக்கு. அந்த நேரத்துக்குள் உன் கால் எதுவரை போகும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கத்தான் வரைபடம்.

வரைபடத்தில் நீ முதலில் பழக வேண்டியது சமவுயரக் கோடு. மலாயில் கொந்தூர் என்பார்கள். தேயிலைச் சரிவில் ஏறாமலும் இறங்காமலும் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை இருக்கிறதே, அதில் நடக்கும்போது நீ ஒரு சமவுயரக் கோட்டின் மேல்தான் நடக்கிறாய். கோடுகள் நெருங்கியிருந்தால் மூச்சு வாங்கும் ஏற்றம். விலகியிருந்தால் பாட்டிமாரும் நடக்கலாம்.

அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திற. யார் வேண்டுமானாலும் தெரிந்ததைச் சேர்க்கக்கூடிய வரைபடம் அது. அதுவும் 2004-இல் தொடங்கியதுதான். உன் லயத்தைத் தேடிப் பார். தார்ச்சாலை இருக்கும். கோயிலுக்குப் பின்னால் ஏறும் படிக்கட்டும், ஓடையின் மேல் பாசி பிடித்துக் கிடக்கும் பலகைப் பாலமும் அனேகமாக இருக்காது. அவசரத்துக்கு உதவுவது அந்தப் படிக்கட்டுதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கைப்பேசியில் தடம் பதியும்படி வைத்துவிட்டு நட. மலை இடுக்கில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்புவதால், நீ பாலத்தில் நிற்கும்போதே நீலப் புள்ளி எதிர்ச் சரிவுக்குத் தாவும். அப்படித் தாவிய இடத்தைக் கையால் திருத்து.

நேரத்தை உன் ஓட்டத்தை வைத்துக் குறிக்காதே. முட்டி வலியோடு இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு வெயில் நாளில் மெதுவாக நடக்கச் சொல்லிக் குறி. கைக்குழந்தைக்காரர்கள் எந்த வீட்டில், படி ஏற முடியாதவர் எந்த வீட்டில் என்பதையும் எழுதிக்கொள். ஆனால் அது உன் நோட்டோடு இருக்கட்டும். யாருடைய வீட்டு விவரத்தையும் இணையத்தில் ஏற்றக்கூடாது.

கடற்கரைக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு. அங்கே பெரும்பாலும் மேடு என்றால் மேடு. கேமரன் மலையில் எந்த மேடு என்று கேட்க வேண்டும். மழையில் நனைந்த சரிவே சரிந்து வரலாம். புதிதாக மண் வெட்டிய இடம், தரையில் வெடிப்பு, ஒருபக்கம் சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் அந்தப் பாதையில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போடு.

இன்னொன்று. கணினி காட்டும் உயரத்தை அப்படியே நம்பிவிடாதே. இலவசமாகக் கிடைக்கும் உயர அளவுகளில் பல, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தவை. ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண்தான். ஒடுங்கிய ஓடை அதற்குள் மறைந்துவிடும். மரங்கள் அடர்ந்த இடத்தில் அளவு தரையை எட்டாமல் மரத்தின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். கடற்கரைத் தோப்பு ஒன்று படத்தில் மேடு மாதிரித் தெரியும். அதை நம்பி ஓடினால் என்ன ஆகும்?

ஜப்பானில் கமாயிஷி என்ற ஊர்ப் பிள்ளைகள் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். குன்மா பல்கலைக்கழகத்தின் தொஷிதாகா கத்தாதா பல ஆண்டுகள் அங்கே பாடம் நடத்தினார். பிள்ளைகளைத் தெருத்தெருவாக நடக்கவிட்டுச் சொந்தமாக வரைபடம் போட வைத்தார். போட்ட பிறகு, அந்த வரைபடத்தையே நம்பி இருந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். சுனாமி வந்த 2011 மார்ச் 11 அன்று உனொசுமாய் பகுதியின் தொடக்கப் பள்ளி, அரசு வரைபடத்தில் அலை வராத இடத்தில்தான் இருந்தது. பக்கத்து நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் கிளம்பினார்கள். பெரிய மாணவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்த முதல் இடத்தை அடைந்தபோது அங்கே பின்பக்கப் பாறை சரிவதைப் பார்த்தார்கள். இங்கே நிற்க வேண்டாம், இன்னும் மேலே போவோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தை அலை மூடியது. இரண்டு பள்ளிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 600 பிள்ளைகள் அப்படி ஓடினார்கள்.

வேலை முடிந்ததும் படத்தைத் தாளில் அச்செடுத்து வீட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டு. மழை இரவில் மின்சாரமும் போகும், லைனும் போகும். பெர்தாம் வேலித் தோழிகளையும் ஆளுக்கொரு படம் போடச் சொல். அவர்கள் படத்தில் அணையின் சைரன் எங்கே இருக்கிறது, அது படுக்கையறை வரை கேட்கிறதா என்பதும் இருக்க வேண்டும்.

டிசம்பரில் வருகிறேன். உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலகைப் பாலத்திலிருந்து கோயில் படி வரை நீயும் நானும் நடப்போம். இப்போது எனக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று நீதான் குறிக்க வேண்டும். ஈரத்தில் அட்டை ஏறும், கால்மேசு எடுத்து வை.

அன்புடன்,
தாத்தா