வேனின் தரைக்குக் காபட்டா, இறப்பரா?

கடை வைத்திருக்கும் எவரும் கடையின் தரையைத் தினமும் பார்க்கிறார். காலையில் கூட்டுகிறார், ஈரம் தெரிந்தால் துடைக்கிறார், சீமெந்து வெடித்தால் பூசுகிறார். ஆனால் அதே கடைக்குச் சாமான் ஏற்றி வரும் வேனின் தரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கூரையைக் கழுவுகிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம், எண்ணெய் மாற்றுகிறோம். காபட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த வாரம் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எமது வியாபாரிகளிடம் உள்ள வேன்களிற் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. ஹைஏஸ், டவுன்ஏஸ், கரவன், வெனட், எவ்ரி என்று பல ரகம். ஆட்கள் பயணிப்பதற்காகச் செய்யப்பட்ட வேன்களில் காபட் கூடவே வரும். இங்கு இறங்கிய பிறகு அழகுக்காகக் குஷன் கடையில் காபட் அடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிறகு அதே வேனில் அரிசி, மரக்கறி, துணிக்கட்டு, மீன் பெட்டி எல்லாம் ஏறுகின்றன. ஆட்களுக்காக விரித்த காபட் சாமான் வேலையைத் தாங்காது.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆரம்பத்திற்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வேன் ஒன்றின் பெறுமதி என்ன என்பதை நாம் எல்லோரும் கண்டோம். இன்றும் வேன் என்பது ஒரு முதல். அதன் அடித்தட்டு உக்கிப்போனால் முதலே உக்கிப்போகிறது.

காபட்டுக்குக் கீழே நடப்பது

காபட்டின் கீழே பஞ்சு போன்ற ஒரு படை இருக்கும். சத்தத்தையும் சூட்டையும் குறைப்பது அதன் வேலை. ஆனால் நனைந்தால் அது தண்ணீரை விடாது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், கீழே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதோடு உப்பும் சேர்ந்தால் வேகம் பன்மடங்காகும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், கருவாட்டுச் சாக்கு, கடலோரத்து மணல் இவையெல்லாம் உப்புத்தான்.

பாதிப்பு தட்டோடு நிற்பதில்லை. ஈரக் காபட்டிற் பூஞ்சணம் பிடிக்கும். அதன் வாடை துணிக்கும் தேயிலைக்கும் ஏறும். ஒரு துணிக்கட்டின் அடிப்பக்கம் ஒருமுறை கறை பட்டால் அதை விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும். ஆசனங்களும் பாதுகாப்புப் பட்டிகளும் பூட்டப்பட்டிருப்பதும் இந்தத் தட்டிலேயே. அந்த இடம் உக்கினால் விபத்து நேரத்தில் பட்டி பிடிக்காது. இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விடயமல்ல.

முதலில் தண்ணீர் வரும் வழி

குஷன் கடைக்குப் போனால் சிலர் இப்படிச் சொல்வார்கள்: “ஹாஜியார், பழைய காபட்டுக்கு மேலேயே இறப்பரை விரிச்சுத் தாறன். ஒரு மணித்தியாலத்தில கொண்டு போகலாம்.” அதற்கு ஒரே பதில், “இல்ல தம்பி, கழட்டிப் பார்ப்போம்” என்பதுதான். ஈரக் காபட்டுக்கு மேல் இறப்பரை விரிப்பது, கொதிக்கும் பானைக்கு மூடி போடுவது போன்றது. வெளியே போகவிருந்த கொஞ்ச ஈரமும் உள்ளேயே நிற்கும்.

ஆசனங்களையும் வாசற்படித் தகடுகளையும் பட்டி போல்ட்களையும் கழற்றி, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதிய சிறு பைகளிற் போட்டு வையுங்கள். காபட்டைக் கிழிக்காமல் ஒரே துண்டாக எடுங்கள். அதுதான் புதிய இறப்பரை வெட்டுவதற்கு அச்சு.

ஈரம் எங்கே நிற்கிறது என்பதே அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். முன் ஆசனத்துக்குக் கீழ் ஈரமென்றால் முன் கண்ணாடியின் பீடிங்கையும் ஏசித் தண்ணீர் வெளியேறும் சிறு குழாயையும் பாருங்கள். அந்தக் குழாய் தூசியால் அடைபட்டால் தண்ணீர் உள்ளேதான் சொட்டும். கதவோரத்தில் ஈரமென்றால் கதவு பீடிங். பின்பக்கமென்றால் பின்கதவும் விளக்குக் கூடுகளும். ஒருவர் வெளியே ஹோஸ் குழாயால் தண்ணீர் அடிக்க, மற்றவர் உள்ளே டோர்ச்சுடன் இருந்து பார்த்தால் அரைமணித்தியாலத்தில் வழி தெரிந்துவிடும். ஒழுக்கை அடைக்காமல் தரையை மாற்றுவது வீண் செலவு.

கறளுக்கு மருந்து

தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு கறள் உள்ள இடங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேல்படையாக மட்டும் இருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறளை மாற்றும் திரவம் பூசி, காய்ந்ததும் அன்டிகொரசிவ் பெயின்ட் இரண்டு முறை அடிக்கலாம். குத்தும்போது உள்ளே போனால் பெயின்ட் பூசி மறைக்காதீர்கள். டிங்கர் பாஸிடம் கொடுத்து உக்கிய பகுதியை வெட்டி, புதிய தகடு வைத்து ஒட்ட வேண்டும். ஆசனம் அல்லது பட்டி பூட்டும் இடமென்றால் கட்டாயம் அப்படித்தான். வெல்டிங் செய்யுமுன் கீழே செல்லும் டீசல் குழாய், பிரேக் குழாய், வயர்கள் ஆகியவற்றை விலக்கச் சொல்லுங்கள். பெற்றரியையும் கழற்றச் சொல்லுங்கள்.

பெயின்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே காய்வதற்கு நேரம் வேண்டும். குறைந்தது ஒரு முழு நாள் கதவுகளைத் திறந்து விடுங்கள். ஆகவே மழையற்ற மாதம் பார்த்துத் தொடங்குவது நல்லது. கொழும்பு, பேருவளை, காலிப் பக்கத்தவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. காத்தான்குடி, கல்முனை, மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

எந்த இறப்பர்?

இலங்கைக்கு இறப்பர் புதிதல்ல. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் முதல் மரங்கள் நடப்பட்டன. களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் அதில் வளர்ந்த மாவட்டங்கள். எனினும் கடையில் “இறப்பர் சீற்” என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. வாங்குமுன் உங்கள் சாமான் எது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

இயற்கை இறப்பர் நன்றாக வளையும், தேய்வைத் தாங்கும். ஆனால் டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் பட்டால் ஊதும். தேங்காயெண்ணெய் தேங்கி நின்றாலும் மெதுவாகக் கெடும். எண்ணெய் வியாபாரம் செய்பவர்கள் நைட்ரைல் இறப்பரைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது தடித்த பிவிசி விரிப்பைப் போடலாம். பழைய டயரை அரைத்துச் செய்த விரிப்பு மலிவு, உறுதியும் உண்டு. ஆனால் வாடை கூடியது. தேயிலை, வாசனைச் சரக்கு, இனிப்புப் பண்டம் ஏற்றுபவர்கள் அதைத் தவிர்க்கவும். தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

தடிப்பு 3 மில்லிமீற்றர் பொதுவாகப் போதும். பெட்டிகளையும் பீப்பாய்களையும் இழுத்து ஏற்றுபவர்களுக்கு 4 அல்லது 5. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட தரைக்கு 3 மில்லிமீற்றர் இறப்பர் ஏறக்குறைய 20 கிலோ வரும். 5 மில்லிமீற்றர் என்றால் 30 கிலோவைத் தாண்டும். தேவைக்கு மேல் தடிப்பு வாங்கி அதைத் தினமும் சுமந்து திரிய வேண்டியதில்லை.

மேற்பரப்பில் காசு போன்ற வட்டப் புடைப்பு உள்ளது கால் வழுக்காது. நீள்கோடு உள்ளதிற் பெட்டி இலகுவாக இழுபடும், கூட்டுவதும் சுலபம். கோடுகள் பின்கதவை நோக்கி ஓடும்படி விரித்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே வடியும்.

வெட்டுவதும் விரிப்பதும்

சுருளாக வந்த இறப்பரைச் சில மணித்தியாலம் வெயிலில் விரித்து விடுங்கள். சுருட்டிய வளைவு போகும். பழைய காபட்டை அதன்மேல் வைத்துச் சுற்றிவர ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். மிச்சத்தை வேனுக்குள் வைத்தே சீர்செய்யலாம். முதலிலேயே அளவாக வெட்டினால் பிறகு ஒட்டுப் போட வேண்டி வரும். சக்கர மேட்டுக்குத் தனித் துண்டு வெட்டுங்கள்.

சாமான் வேன்களின் தட்டு வரிவரியாக மேடு பள்ளமாக இருக்கும். அதன்மேல் நேரடியாக இறப்பரை விரித்தால் பாரம் ஏறும்போது பள்ளத்துக்குள் அமிழ்ந்து அந்த இடம் கிழியும். பள்ளங்களுக்குத் தண்ணீர் உறிஞ்சாத போம் பட்டிகளை வையுங்கள். பலகை போடுவதென்றால் தண்ணீரைத் தாங்கும் பிளைவூட்டாக இருக்க வேண்டும். சாதாரணப் பிளைவூட் ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும்.

முழுத் தரையிலும் பசை பூச வேண்டாம். ஓரங்களை வாசற்படித் தகட்டால் இறுக்கினாற் போதும். அப்படியென்றால் வருடத்துக்கு ஒருமுறை தூக்கிக் கீழே பார்க்க முடியும். ஸ்குரூ அடிப்பதென்றால் முதலில் வேனுக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பிரேக் குழாயின் மேல் ஓர் ஓட்டை விழுந்தால் அதன் விலை வேறு.

ஆசனக் காலுக்கும் பட்டிப் போல்டுக்கும் கீழே இறப்பர் வரக் கூடாது. அந்த இடங்களை வட்டமாக வெட்டி, இரும்பின் மேல் இரும்பு அமரும்படி பூட்டுங்கள். இடையில் இறப்பர் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, போல்ட் தளரும். ஆசனங்களின் எண்ணிக்கையையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே வைத்திருங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இடம்

சாரதியின் காலடியில் மிகுந்த கவனம் தேவை. 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோவுக்கு அருகில், கார் விற்பனை நிலையமொன்று தற்காலிகப் பாவனைக்குக் கொடுத்த லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாடின்றி ஓடி விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்த நால்வரும் உயிரிழந்தனர். வேறொரு மொடலுக்குரிய இறப்பர் விரிப்பு அந்தக் காரில் போடப்பட்டிருந்ததும், அதில் வேக மிதி சிக்கியதும் விசாரணையில் தெரியவந்தன. அதையடுத்து டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. காரணம் இயந்திரக் கோளாறல்ல, ஒரு விரிப்பு.

ஆகவே மிதிகளைச் சுற்றி இறப்பரைத் தாராளமாக வெட்டி விடுங்கள். மூன்று மிதிகளையும் கையால் அடிவரை அழுத்திப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது, விட்டவுடன் தானாக மேலே வர வேண்டும். பழைய விரிப்பின் மேல் இன்னொன்றைப் போடாதீர்கள். முன் ஆசனத்துக்குக் கீழே என்ஜின் உள்ள வேன்களில் அதன் மூடி தடையின்றித் திறக்க வேண்டும். அந்தப் பகுதிக்குச் சூடு தாங்கும் தகட்டுறை போடாமல் வெறும் இறப்பரை மட்டும் விரித்தால் சாரதி வெந்து போவார்.

கணக்கும் முடிவும்

இறப்பருக்கான செலவை மட்டும் கேட்டு விலை அதிகமென்று திரும்பி விடாதீர்கள். மூன்று தொகைகளைத் தாளில் எழுதுங்கள். ஒன்று, இறப்பர், பெயின்ட், கூலி. இரண்டு, வேன் நிற்கும் மூன்று நாளுக்கு வாடகை வாகனம். மூன்று, இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு வருடத்தில் டிங்கர் பாஸுக்குக் கொடுக்கப்போவதும், விற்கும்போது வாங்க வருபவர் காபட்டைத் தூக்கிப் பார்த்துக் குறைக்கப்போவதும். மூன்றாவது தொகை பெரும்பாலும் முதல் இரண்டையும் சேர்த்ததைவிடக் கூடும்.

எல்லோருக்கும் இறப்பர்தான் என்று சொல்லவும் முடியாது. பாடசாலைப் பிள்ளைகளையோ பயணிகளையோ மட்டும் ஏற்றுபவருக்கு, சத்தமும் சூடும் குறைவான காபட் பொருத்தமாக இருக்கலாம். அவரும் வருடத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கிக் காயவிட வேண்டும். பாதி ஆட்கள், பாதி சாமான் என்றால் முன்பக்கம் காபட்டும் பின்பக்கம் இறப்பரும் போடலாம்.

போட்ட பிறகு பராமரிப்பு சிறிதுதான். சவர்க்காரத் தண்ணீரும் துணியும் போதும், மண்ணெண்ணெயால் துடைக்க வேண்டாம். மீன் ஏற்றிய நாளில் அன்றைக்கே கழுவி, ஓரங்களைத் துடைத்து, கதவைத் திறந்து விடுங்கள். ஆசனப் போல்ட்களை ஒரு மாதத்துக்குப் பின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இந்த வாரம் எந்தச் செலவும் செய்ய வேண்டாம். வேனின் பின்மூலையில் காபட்டை ஓர் அடி தூக்கி, கீழே கையை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் நல்லது. கை ஈரமாகவோ செம்பழுப்பாகவோ வந்தால், அடுத்த மழைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள்.