பனியும் மின்கலமும்

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு வெயில் மிகுந்த ஊர். அவ்வட்டாரத்தில் வெயில் பகையன்று, தொழிலுக்குத் துணையாவது. தீப்பெட்டியும் பட்டாசும் செய்வோர்க்கு உலர்ந்த காற்றே செல்வம். அங்குள்ளார் குளிரின் ஆற்றலைச் சிறிது காண்பது மார்கழி விடியலில்தான். முதல்நாள் நீர்போல் ஓடிய தேங்காயெண்ணெய், விடிந்ததும் புட்டிக்குள் உறைந்து நிற்கும். இளவெயிலில் வைத்தால் மீண்டும் உருகும். இச்சிறு காட்சியை உள்ளத்திற் கொண்டால், பனிநாடுகளில் மின்சாரக் கார்களுக்கு நேரும் இடர் எளிதில் விளங்கும்.

ஈழத்தமிழர் பலர் குடியேறி வாழும் நாடு நார்வே. அங்கு 2024-ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களுள் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்சாரத்தால் இயங்குவன. அந்நாட்டின் வடபகுதியிலுள்ள காராஷோக் என்னும் ஊரில், 1886-ஆம் ஆண்டில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 51.4 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. இத்தகைய குளிரில், ஆளற்ற வழியில் கார் நின்றுவிடின், உள்ளிருப்போர் உயிருக்கே ஊறு நேரும்.

பேட்டரி எனப்படும் மின்கலத்தினுள் இரு முனைகளும் அவற்றிடையே ஒரு நீர்மமும் உள்ளன. லித்தியம் அயனிகள் அந்நீர்மத்தின் வழியே முனைக்கு முனை செல்வதாலேயே மின்கலம் இயங்குகின்றது. குளிர் மிகுந்தால் நீர்மம் தடிக்கும். அயனிகளின் நடை தளரும். காரினுள்ளே வெப்பமூட்டுவதற்கும் மின்சாரம் செலவாகும். ஆதலின், கார் ஓடும் தூரம் குறையும். நார்வே மோட்டார் சங்கத்தார் 2020-ஆம் ஆண்டில் 20 கார்களைக் குளிரில் ஓட்டிப் பார்த்தபோது, அவை குறித்த தூரத்தினும் சராசரியாக 18.5 விழுக்காடு குறைவாகவே ஓடின.

குளிரால் தளர்ந்த ஆற்றல், வெப்பம் பெற்றதும் உருகிய எண்ணெய்போல் பழைய நிலையை எய்தும். ஆனால், உறைகுளிரில் விரைந்து மின்னேற்றுவதால் வரும் கேடு அத்தகையதன்று. மின்னேற்றும்போது அயனிகள், பென்சிலில் உள்ள கிராபைட்டால் ஆகிய முனையின் அடுக்குகளுள் புகுந்து தங்க வேண்டும். குளிரில் அவை உட்புக இயலாமல், முனையின் மேலேயே உலோகமாகப் படியும். அவ்வாறு படிந்தது முழுதும் மீளாது. மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகக் குறையும். அப்படிவு ஊசிபோல் வளர்ந்து இடையிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைப்பின், தீப்பற்றவும் கூடும். இதனைத் தடுக்கவே, குளிர் மிக்கபோது மின்னேற்றத்தைத் தாமே குறைக்கும் கருவிகளை இக்காலக் கார்களில் அமைத்துள்ளனர்.

காப்பு முறைகள் அரியன அல்ல. காரைக் கொட்டகையினுள் நிறுத்துதல் நன்று. இரவில் அதனை மின் இணைப்பிலேயே விட்டு, புறப்படுமுன் அவ்விணைப்பின் மின்சாரத்தாலேயே மின்கலத்தை வெதுவெதுப்பாக்க வேண்டும். ஓடி வந்து நின்றவுடன், மின்கலம் சூடாறுமுன் மின்னேற்றுதல் தக்கது. மின்னிருப்பை அறவே வற்றவிடாமல், வழியில் தங்க நேரினும் போதுமான அளவு வைத்திருத்தல் வேண்டும். காரின் உள்வெளி முழுவதையும் சூடாக்குவதினும், இருக்கையை மட்டும் சூடாக்குவது சிக்கனமாம்.

மிகுவெப்பமும் மின்கலத்தின் வாழ்நாளைக் குறைப்பதே. பனிநாட்டில் மின்கலத்திற்கு வெப்பம் காப்பு. மல்லாங்கிணற்றில் மரநிழல் காப்பு. பொருளின் இயல்பையும் இடத்தின் இயல்பையும் அறிந்து பேணுவோர்க்கே கருவிகள் நெடுநாள் பயன் தரும்.