ஓடி ஒளிய இடமில்லை
(ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஆகமம், 9-ம் அதிகாரம்)

தவறு செய்த சிறு பிள்ளை முதலில் என்ன செய்கிறது? கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. நம் ஆதித் தாய் தந்தையரும் சிங்காரத் தோப்பில் மரங்களுக்கிடையே ஒளிந்தார்கள். யோனாஸ் தீர்க்கதரிசி நினிவேக்குப் போகச் சொன்னால் யோப்பாவில் கப்பலேறி எதிர்த்திசைக்கு ஓடினார். இவர்களெல்லாரையும் விட நுணுக்கமாக இந்த விஷயத்தை நமக்குக் காட்டுகிறவர் ஆமோஸ்.

இவர் குருவுமல்ல, குருவின் மகனுமல்ல. ஜெருசலேமுக்குத் தெற்கே ஏறக்குறைய 10 மைல் தொலைவிலுள்ள தேக்குவா என்னும் மேட்டு நிலத்து ஊரார், ஆடு மேய்த்தவர், காட்டத்திக் காய்கள் பழுக்கும்படி அவற்றைக் கீறிவிடும் தொழிலும் செய்தவர். கிறிஸ்து பிறப்பதற்கு சுமார் 760 ஆண்டுகளுக்கு முன், யூதா நாட்டைச் சேர்ந்த இவரை வடக்கே இஸ்ராயேல் நாட்டுக்குப் போய்ப் பேசும்படி சர்வேசுரன் அனுப்பினார்.

அப்போது அங்கே இரண்டாம் ஜெரோபோவாம் ஆண்டுகொண்டிருந்தான். நல்ல செழிப்பான காலம். தந்தம் பதித்த கட்டில்களில் சாய்ந்து கிடக்கிறார்களே என்று ஆமோஸ் கண்டிக்கிறார். 1930-களில் சமாரியாவைத் தோண்டியபோது சித்திரம் செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாக அகப்பட்டன. அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை! திருநாட்களுக்கும் பலிகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாம் என்று வியாபாரிகள் காத்திருந்தார்கள். அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கினார்கள், பணத்தை நிறுக்கும் படிக்கல்லைப் பெரிதாக்கினார்கள், பதரையும் சேர்த்து விற்றார்கள். ஒரு ஜோடி செருப்பின் விலைக்கு ஏழை விலைபோனான். (இந்தப் பகுதி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிறு பூசையிலேயே வாசிக்கப்படுகிறது. அன்று நம்மில் எத்தனை பேர் நேரத்தோடு கோவிலுக்கு வந்திருப்போமோ!)

இப்போது 9-ம் அதிகாரத்துக்கு வருவோம். ஆண்டவர் பீடத்தண்டை நிற்பதை ஆமோஸ் காண்கிறார். பெத்தேல் நகரத்துப் பீடமே இது என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. தூண்களின் போதிகைகளை அடித்து நொறுக்கும்படி கட்டளை பிறக்கிறது. கட்டிடம் கும்பிட வந்தவர்கள் தலைமேலேயே விழுகிறது. எங்கே அடைக்கலம் உண்டென்று நினைத்தார்களோ, முதல் அடி அங்கேதான் விழுகிறது. கோவிலில் இருக்கிறோம், நாம் சர்வேசுரனுடைய ஜனம், நமக்கென்ன வரும் என்ற எண்ணத்தை ஆமோஸ் வேரோடு பிடுங்குகிறார். உங்களை நான் விசேஷமாக அறிந்தேன், ஆகையால்தான் உங்களிடம் கணக்குக் கேட்கிறேன் என்பது 3-ம் அதிகாரத்தில் அவர் ஏற்கனவே சொன்னதன் கருத்து.

தப்பினவர்கள் ஓடுகிறார்கள். பாதாளத்தைத் தோண்டி இறங்கினாலும் ஆண்டவருடைய கை அங்கே எட்டுகிறது. வானத்தில் ஏறினாலும் இறக்கிவிடும். கார்மேல் மலையோ 1,700 அடிக்கு மேல் உயர்ந்தது, சுண்ணாம்புப் பாறையில் குகைகள் நிறைந்தது, காடு அடர்ந்தது. அங்கும் தேடிப் பிடிப்பார். அந்த மலையின் காலடியிலேயே கடல். அதன் ஆழத்தில் மறைந்தால் அங்குள்ள சர்ப்பம் அவர் சொல் கேட்டுக் கடிக்கும். சிறைப்பட்டு அந்நிய தேசம் போனாலும் வாள் பின்தொடரும். சிறையிருப்பில் உயிராவது மிஞ்சும் என்று எண்ணினவனுக்கும் இடமில்லை.

கவனியுங்கள்: வானம், பாதாளம், கடலின் எல்லை என்னும் இதே இடங்கள் 138-ம் சங்கீதத்திலும் வருகின்றன (இக்காலப் பதிப்புகளில் 139). அங்கேயும் தப்ப வழியில்லை. ஆனால் அங்கே அது ஆறுதல். எங்கே போனாலும் அவருடைய கை நடத்துகிறது, தாங்குகிறது. பிடிக்கும் கையும் தாங்கும் கையும் ஒன்றுதான். மரக்காலைச் சிறிதாக்கினவனுக்கு அது பயங்கரமாயிருக்கிறது, அவ்வளவே.

ஆமோசின் பேச்சு பலருக்குக் கசந்தது. பெத்தேலின் குருவான அமாசியாஸ், உன் ஊருக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டினான். இரண்டு ஆண்டுக்குள் பெரிய பூமியதிர்ச்சி வந்தது. 1950-களில் ஆசோர் நகரைத் தோண்டினவர்கள் அக்காலத்தைச் சேர்ந்த சாய்ந்த சுவர்களைக் கண்டார்கள். கி. மு. 722 வாக்கில் சமாரியா அசீரியர் கையில் விழுந்தது. 27,290 பேரைச் சிறைப்பிடித்துப் போனதாக அசீரிய அரசன் சார்கோன் கல்லில் வெட்டி வைத்தான்.

ஆயினும் ஆமோசின் ஆகமம் அங்கே முடியவில்லை. சல்லடையில் சலிப்பதுபோல் சலிப்பேன், ஆனால் குலத்தை முழுவதும் அழிக்கமாட்டேன் என்கிறார் ஆண்டவர். விழுந்துகிடக்கும் தாவீதின் குடிசையைத் திரும்ப எடுத்து நிறுத்துவதாகவும் வாக்களிக்கிறார். எழுநூறு ஆண்டுக்கு மேல் சென்றபின், புற ஜாதியாரைத் திருச்சபையில் சேர்க்கலாமா என்று அப்போஸ்தலர்கள் ஜெருசலேமில் கூடி ஆலோசித்தபோது, யாகப்பர் எழுந்து எடுத்துக்காட்டியது இந்த வசனத்தையே.