எது கடைசிப் பிரதி?

கேள்வி: எங்கள் ஆய்வுக்குழுவில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பி அனுப்பி, எது கடைசிப் பிரதி என்றே தெரியாமல் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்: வாட்ஸ்அப்பைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை கூகுள் டாக்ஸில் ஒரே இடத்தில் இருக்கட்டும். யார், எப்போது, எந்த வரியைத் திருத்தினார் என்பதை அதன் பதிப்பு வரலாறே காட்டிவிடும். சமன்பாடுகள் நிறைய என்றால் ஓவர்லீஃப் என்ற இணையத் தளம். மேற்கோள் நூல்களுக்கு ஸோடேரோ என்ற மென்பொருளில் குழு நூலகம் தொடங்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லோரும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2019-இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழுவினர், முதலில் நான்கு அணிகளாகப் பிரிந்து, தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே ஒரே தரவிலிருந்து படம் உருவாக்கினார்கள். நான்கிலும் வளையம் தெரிந்ததால், முடிவை நம்ப முடிந்தது. நீங்களும் முக்கியமான கணக்கீட்டை இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.