மண்டபத்தின் எதிரொலியும் ஒரு நெசவாளியின் துணியும்

சென்ற ஆண்டு விழாவில் நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். ஊரிலிருந்து வந்த பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசினார். முன் வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள். பின் வரிசையில் இருந்தவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னவன் நான்தான். கூட்டியும் ஒன்றும் தெளியவில்லை, இரைச்சல்தான் பெருகிற்று. வெளியே வரும்போது ஒரு பெரியவர், "வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல தமிழ்ப் பேச்சு கேட்கலாம்னு வரேன் சார். சத்தம் கேட்டுது, பேச்சுதான் கேட்கலை" என்றார்.

அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் தேடிப் படிக்கப் புகுந்தவன், கடைசியில் ஒரு நெசவாளியிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயர் அன்னி ஆல்பர்ஸ். நான் கற்றதை அன்பர்களோடு, முக்கியமாக நம் பிள்ளைகளோடு, பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

குறை எங்கே?

காரை பூசிய சுவரும் கல் தரையும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. அந்த ஒலி அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடுகிறது. உயிரெழுத்தின் நீண்ட ஓசை, பின்னால் வரும் க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளை மூடிவிடுகிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவை பெரும்பாலும் அவைதாம். ஒலிபெருக்கியைக் கூட்டினால் நேரே வரும் ஒலியும் கூடும், திரும்பி வரும் ஒலியும் கூடும். ஆகவே தெளிவு கூடாது.

இதை முதன்முதலில் கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் ஸபின். 1895-இல் அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்று புகார் எழுந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அவர் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளியது: மண்டபத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் திறனால் வகுக்க வேண்டும்.

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1000 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 700 சதுர மீட்டர். வெறும் காரைப் பரப்பு, தன் மேல் விழும் ஒலியில் நூற்றில் 3 பங்கையே விழுங்குவதாகக் கொண்டால் மொத்த உறிஞ்சும் திறன் 21. காலி மண்டபத்தில் ஒலி அடங்க ஏழரை விநாடிக்கு மேல் ஆகும்! இதே மண்டபத்தில் 150 சதுர மீட்டர் சுவரைப் பாதி ஒலியை விழுங்கக்கூடிய கனத்த துணியால் மறைத்தால், உறிஞ்சும் திறன் 91.5 ஆகிவிடும். நேரம் ஒன்றே முக்கால் விநாடிக்கு இறங்கிவிடும். கூட்டம் நிறைந்தால் இன்னும் குறையும், மனித உடலும் உடையும் கூட ஒலியை விழுங்குவதால்.

துணி இதை எப்படிச் செய்கிறது? ஒலி என்பது காற்றின் அசைவு. மயிரடர்ந்த துணிக்குள் புகும் காற்று இழைகளில் உராய்ந்து ஓய்கிறது. அந்த ஆற்றல் மிகச் சிறிதளவு வெப்பமாக மாறிவிடுகிறது.

பெர்னாவ் பள்ளி மண்டபம்

ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே பெர்னாவ் என்ற ஊரில், தொழிற்சங்கத்தினருக்காக ஒரு பயிற்சிப் பள்ளி 1928 முதல் 1930 வரை கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ஹானஸ் மேயர். அதன் மண்டபத்திலும் எதிரொலித் தொல்லை இருந்தது. வழக்கமான மருந்து, சுவரில் வெல்வெட் தொங்கவிடுவது. அது ஒலியை விழுங்கும். ஆனால் கைபட்டு அழுக்காகும். அழுக்குத் தெரியாதிருக்க இருண்ட நிறம் எடுத்தால் வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அன்னி ஆல்பர்ஸ் ஒரே துணிக்கு இரண்டு முகம் கொடுத்தார். பின்புறம் மயிரடர்ந்த ஷெனில் நூல். அது ஒலியை அடக்கும். முன்புறம் பருத்தியோடு செல்லோபேன், அதாவது மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாளின் இழை. அது வெளிச்சத்தை மண்டபத்துக்குத் திருப்பித் தரும், துடைத்தாலும் சுத்தமாகும். பாவு நூல்களில் எவற்றை உயர்த்தி ஊடையை ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த இழை மேலே தெரியும், எது அடியில் மறையும் என்பது அமைகிறது. ஆக, இது ஒட்டுவேலை அல்ல. தறியிலேயே கட்டப்பட்ட அமைப்பு.

அந்தத் துணி ஒளியைத் திருப்பும் திறனை ஸைஸ் ஐகான் நிறுவனம் சோதித்தது. கேமராக்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் ஒரு திரைத்துணியைச் சோதித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1930-இல் இந்தத் துணிக்காகவே அவருக்கு டிப்ளமோ கிடைத்தது. அப்போது வயது 30. அதன் சிறு மாதிரிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அந்தப் பள்ளிக் கட்டடம் 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது.

மூடிய கதவும் திறந்த தறியும்

அன்னி 1899-இல் பெர்லினில் பிறந்தவர். 1922-இல் பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளியில் சேர்ந்தார். அதை 1919-இல் நிறுவிய வால்டர் குரோப்பியஸ், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்றுதான் அறிவித்தார். நடைமுறையில் பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். அன்னி விரும்பியது கண்ணாடிப் பட்டறை, கிடைத்தது தறி. முதலில் அரைமனதோடுதான் உட்கார்ந்தார். பிறகு அதையே தம் சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். கைத்தறியை அவர் பழமையின் சின்னமாகப் பார்க்கவில்லை. ஆலையில் நெய்வதற்கு முன் புது இழை, புது அமைப்பு இவற்றை முயன்று பார்க்கும் இடமாகக் கண்டார்.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியால் பௌஹௌஸ் மூடப்பட்டது. யூத வம்சத்தில் பிறந்த அன்னி, கணவர் ஜோசப் ஆல்பர்ஸுடன் அமெரிக்கா சென்று, வட கரோலைனாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு கற்பித்தார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. நெசவாளி ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. அதே சமயத்தில் குரோப்பியஸ் கட்டிய ஹார்வர்டு மாணவர் விடுதிக்குப் படுக்கை விரிப்பு நெய்தார். இளைஞர் அறை அல்லவா? அழுக்கும் சிகரெட் சூட்டுத் தழும்பும் சட்டென்று கண்ணில் படாதபடி கட்டங்களை அமைத்தார். 1965-இல் வெளியான 'ஆன் வீவிங்' என்ற தம் நூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தம் ஆசான்கள் என்று, காணிக்கையாக்கினார். 1994-இல் காலமானார்.

நானும் டி.எம்.இ. டிப்ளமோக்காரன்தான். ரயில் பெட்டிப் பணிமனையில் இரும்புக்கும் ஸ்பிரிங்குக்கும் வரைபடம் பார்த்தேன். திரைத்துணி வந்தால் கிழிகிறதா, தீப்பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன். துணியும் பாலத்தைப் போல ஒரு வேலைக்காகக் கட்டப்படுவது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

வீட்டிலுள்ள நான்கு வகைத் துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எவ்வளவு ஒளி வருகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊறுகிறதா, உருள்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, சாமான் இல்லாத அறையில் கைதட்டிக் கேளுங்கள். கனத்த கம்பளியைக் கொடியில் போட்டு மறுபடி தட்டுங்கள். நான்கையும் ஒரு தாளில் எழுதினால், எந்தத் துணி எந்த அறைக்கு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவுக்குக் கூடுதல் ஒலிபெருக்கி எடுக்கும் பணத்தில், பின்சுவருக்கும் பக்கச் சுவர்களுக்கும் கனத்த திரை வாங்குவோம். தீப்பிடிக்காத பக்குவம் செய்த துணியாகக் கேட்டு வாங்க வேண்டும். விளக்குக்கும் மின்கம்பிக்கும் எட்டவே கட்ட வேண்டும். சுவரை ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளி, மடிப்பு விழத் தொங்கவிட்டால் பலன் கூடும். தைத்துத் தர இரண்டு குடும்பங்கள் முன்வந்திருக்கின்றன. ஏணி பிடிக்க நான் வருகிறேன். அன்று அந்தப் பெரியவரை அவருடைய வழக்கமான பின் வரிசையிலேயே உட்காரச் சொல்லி, பேச்சு கேட்டதா என்று விசாரிப்போம்.